ஜப்பான்: இனிமேல் பிறப்பு கூடினாலும் என்ன ஆகும்? கணக்கோடு பேசுவோம்

1 | கேள்விக்கணை

இதே தலைப்பில் முன்பு ஓடிய இழைகள் எல்லாம் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்ற இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றன. இந்த முறை எண்களும் நடைமுறையும் தெரிந்தவர்கள் எழுதினால் உபயோகமாக இருக்கும்.

என் கையில் இருப்பது இவ்வளவுதான். மக்கள்தொகையின் உச்சம் 2008, சுமார் 12.81 கோடி. 2024 அக்டோபர் 1 கணக்குப்படி 12.38 கோடி. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 3.62 கோடி, அதாவது 29.3 சதவீதம். 75 தாண்டியவர்களே 2 கோடிக்கு மேல். 2024இல் பிறப்பு 6.86 லட்சம், இறப்பு 16.05 லட்சம்.

கேள்வி மூன்று. உதவித்தொகை, பெற்றோர் விடுப்பு, காப்பகம் என்று 1990களிலிருந்து கொட்டியும் ஏன் பலன் இல்லை? கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள், மறுபடி 2ஐத் தொட்டால் பிரச்சினை தீருமா? இத்தனை முதியவர்களை யார், எந்தப் பணத்தில் பார்த்துக்கொள்கிறார்கள்?

2 | எண்கோலம்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்வியின் சூடு பாதி தணிந்துவிடும்.

ஓர் ஆண்டில் எத்தனை குழந்தைகள் பிறக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பிள்ளை பெறும் வயதில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், ஒருவர் சராசரியாக எத்தனை பெறுகிறார். பத்திரிகைகள் இரண்டாவதைப் பற்றியே எழுதுகின்றன. முதலாவது எப்போதோ எழுதி முடிந்துபோன கணக்கு, அதை எந்த அரசும் திருத்த முடியாது.

போட்டுப் பாருங்கள். இன்று 30 வயதை ஒட்டி இருக்கும் பெண்கள் 1990களின் நடுவில் பிறந்தவர்கள். அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சம் பிறப்பு, அதில் பெண் குழந்தைகள் 6 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2024இல் பிறந்த பெண் குழந்தைகள் சுமார் 3.3 லட்சம். இவர்களுக்கு 30 வயதாகும் 2054இல் ஏதோ அதிசயம் நடந்து விகிதம், மக்கள்தொகை குறையாமல் நிற்கத் தேவையான 2.07க்கு ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 3.3 × 2.07, ஏறக்குறைய 6.8 லட்சம். இன்று 1.15 என்ற விகிதத்தில் பிறக்கும் அதே எண்ணிக்கை! அப்போது ஆண்டு இறப்பு 15 லட்சத்துக்கு மேல் இருக்கும். ஆக, விகிதம் இரண்டு மடங்கு ஆனாலும் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கு மேல் குறைந்துகொண்டுதான் இருப்பார்கள்.

உண்மையான வாய்ப்பு ஒன்று இருந்தது. 1971 முதல் 1974 வரை ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் பிறந்தார்கள், போருக்குப் பிந்தைய பெரும் பிறப்பு அலையின் பிள்ளைகள் இவர்கள். இவர்கள் பெற்றோராகியிருந்தால் மூன்றாவது அலை 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர்கள் படிப்பை முடித்து வெளியே வந்த நேரம், சொத்துக் குமிழி உடைந்து கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்த நேரம். விகிதம் 2005இல் 1.26க்கு விழுந்தது. 2015இல் 1.45 வரை ஏறியபோது எல்லோரும் கைதட்டினார்கள், ஆனால் பெற வேண்டிய வயதுப் பெண்களின் எண்ணிக்கை அதற்குள் கரைந்திருந்தது. அதனால்தான் விகிதம் ஏறியிருந்த அந்த ஆண்டுகளிலேயே, 2016இல், பிறப்பு 10 லட்சத்துக்குக் கீழே போனது.

ஓர் எச்சரிக்கை. 2070இல் 8.7 கோடி, அதில் முதியோர் 38.7 சதவீதம் என்ற கணிப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2023இல் வந்த அந்தக் கணிப்பு நீண்டகால விகிதம் 1.36 என்ற அனுமானத்தில் நிற்கிறது. 2024இல் நடந்தது 1.15. மேற்கோள் காட்டும்போது அனுமானத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

3 | எண்கோலம்

முதல் கேள்விக்கு வருகிறேன்.

திருமணமாகி 15 முதல் 19 ஆண்டு ஆன தம்பதிகளுக்கு எத்தனை குழந்தைகள் என்று அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேசியக் கணக்கெடுப்பு எடுக்கிறார்கள். 1970களிலிருந்து 2002 வரை அது 2.2ஐச் சுற்றியே நின்றது. 2021இல் 1.90. குறைந்திருக்கிறது, ஆனால் சரிந்துவிடவில்லை. சரிந்தது வேறு இடத்தில். 50 வயது வரை ஒருமுறைகூட மணமாகாத ஆண்கள் 1970இல் 1.7 சதவீதம், 2020இல் 28 சதவீதத்துக்கு மேல். பெண்கள் 3.3லிருந்து ஏறக்குறைய 18 சதவீதம். திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள் அங்கே 2 சதவீதத்தைச் சுற்றித்தான். 1972இல் 11 லட்சத்தை ஒட்டி இருந்த திருமணங்கள் 2024இல் 4.85 லட்சம்.

இப்போது பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். 2024 அக்டோபரிலிருந்து வருமான வரம்பு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை: மூன்று வயது நிரம்பும் வரை மாதம் 15,000 யென், பிறகு உயர்நிலைப் படிப்பு முடியும் வயது வரை 10,000, மூன்றாவது குழந்தை என்றால் 30,000. இதையும் உள்ளடக்கிய மொத்தத் திட்டம் ஆண்டுக்கு 3.6 லட்சம் கோடி யென். ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்கு இது நல்ல உதவி, வறுமை குறையும், குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பிறப்பைக் கூட்டும் கருவி என்று பார்த்தால், கல்யாணமே ஆகாதவர் வீட்டுக்குத் தொட்டில் அனுப்பின கதை. நிரந்தர வேலையில் இல்லாத ஆண்களின் திருமண விகிதம், நிரந்தர ஊழியர்களைவிட மிகக் கீழே இருக்கிறது. ஓட்டை அங்கே. ஒட்டுப் போடுவது வேறெங்கோ.

4 | நேர்ப்பேச்சு

> பிறப்பைக் கூட்டும் கருவி என்று பார்த்தால்

ஒகயாமா மாகாணத்து நகி என்ற சிற்றூர் 2019இல் 2.95 காட்டியதே? பிரதமரே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஊர். 2005இல் 1.41 இருந்த ஊர்தான் அது. பணமும் அக்கறையும் சேர்ந்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

5 | எண்கோலம்

நகியின் மக்கள்தொகை ஆறாயிரத்தைத் தொடாது. ஆண்டுக்குப் பிறப்பது சில பத்துக் குழந்தைகள். பத்துக் குழந்தைகள் கூடக்குறையப் பிறந்தாலே விகிதம் அரைப் புள்ளி ஆடும். சிற்றூர்களுக்கு ஒற்றை ஆண்டு எண்ணை எடுக்கவே கூடாது, ஐந்தாண்டுச் சராசரியாவது வேண்டும். அடுத்தது, அங்கே தற்காப்புப் படையின் முகாம் ஒன்று இருக்கிறது, அதாவது நிலையான சம்பளமுள்ள இளம் குடும்பங்கள். மூன்றாவது, வீடும் காப்பகமும் மலிவாகக் கிடைக்கும் ஊருக்குப் பிள்ளை பெறத் தீர்மானித்துவிட்ட தம்பதிகள் பக்கத்து ஊர்களிலிருந்து குடிவருவார்கள். ஊருக்கு அது லாபம், நாட்டுக்கு அதனால் ஒரு குழந்தைகூடக் கூடவில்லை.

ஆனாலும் நகி செய்த சிறு வேலைகள் கவனிக்கத் தக்கவை. பிள்ளையோடு இருக்கும் தாய்மார் சில மணி நேரம் மட்டும் செய்யும் சில்லறை வேலைகளை ஊரே திரட்டிக் கொடுப்பது அதில் ஒன்று. அது பிறப்பைக் கூட்டியதோ இல்லையோ, நல்ல ஏற்பாடு.

இதன் மறுபக்கம் டோக்கியோ. 2024இல் 0.96 என்றதும் "டோக்கியோதான் விழுங்குகிறது" என்று தலைப்புப் போட்டார்கள். நாடெங்கிலுமிருந்து மணமாகாத இளம்பெண்கள் படிப்புக்கும் வேலைக்கும் அங்கே வந்து குவிகிறார்கள். வகுக்கும் எண் பெருக்கிறது, விகிதம் விழுகிறது. மணமானதும் அவர்களில் பலர் பக்கத்து மாகாணங்களான சைதாமா, சிபா பக்கம் வீடு பார்த்துப் போய் அங்கே பெறுகிறார்கள். ஒரே பெண், ஓர் ஊரின் விகிதத்தை இறக்கிவிட்டு இன்னொன்றின் விகிதத்தை ஏற்றிவிடுகிறார்.

6 | பனித்துளி

மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதியோர் பராமரிப்புக்கு அங்கே மருத்துவக் காப்பீட்டிலிருந்து பிரித்து 2000 ஏப்ரலில் தனிக் காப்பீடு கொண்டுவந்தார்கள், பெயர் கைகோ ஹோகென். பாதி வரிப்பணம், பாதி பிரீமியம். வரிப்பாதியில் மத்திய அரசு 25, மாகாணம் 12.5, நகராட்சி 12.5. பிரீமியப் பாதியை 40 வயது ஆன எல்லோரும் கட்ட வேண்டும், இப்போதைய பங்கு 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 23, 40 முதல் 64 வரை 27. நடத்துவது நகராட்சி. அதனால் ஊருக்கு ஊர் பிரீமியம் மாறும். தொடக்கத்தில் 65க்கு மேற்பட்டோரின் தேசியச் சராசரி மாதம் 2,911 யென், 2024–26 காலத்துக்கு 6,225. ஒசாகா நகரில் 9,249. தனியாக வாழும் முதியோர் அதிகமுள்ள ஊர், வீட்டு ஆட்கள் செய்கிற வேலையையும் சேவையாக வாங்க வேண்டியிருக்கிறது.

சேவை வேண்டுமென்றால் முதலில் தரம் பிரிக்கப்பட வேண்டும். நகராட்சி அலுவலகத்திலோ வட்டார உதவி மையத்திலோ விண்ணப்பம். பிறகு ஒருவர் வீட்டுக்கு வந்து 74 அம்சங்களைக் கேட்டும் பார்த்தும் குறிப்பார்: புரண்டு படுக்க முடிகிறதா, இரண்டு காலில் நிற்க முடிகிறதா, சற்றுமுன் செய்தது நினைவிருக்கிறதா, மாத்திரை தானே எடுக்கிறாரா. கணினி அதை ஒரு நாளைய பராமரிப்பு நிமிடங்களாக மாற்றும். 32 முதல் 50 நிமிடம் என்றால் பராமரிப்பு நிலை 1, 70 முதல் 90 என்றால் நிலை 3, 110க்கு மேல் போனால் நிலை 5. அதற்கும் கீழே உதவி நிலை 1, 2 என இரண்டு. அப்புறம் மருத்துவரின் கருத்துப் படிவத்தையும் வீட்டுக்கு வந்தவர் தனியாக எழுதிய குறிப்புகளையும் வைத்துக்கொண்டு ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும். விதிப்படி 30 நாளில் முடிவு வர வேண்டும், நடைமுறையில் 40 நாள் வரை இழுக்கிறது. முடிவு வந்தால் அது விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும் என்பது ஒரு நல்ல விஷயம்.

இதில் வழக்கமாகக் கெட்டுப்போகும் இடம் அந்த வீட்டு வருகைதான். விருந்தாளி வந்தாற்போல் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து "எல்லாம் நானே செய்துகொள்கிறேன்" என்று சொல்லிவிடுவார். மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள் அந்த அரைமணி நேரத்தைப் பிரமாதமாகச் சமாளிப்பார்கள். இரண்டு நிலை குறைவாக வந்து நிற்கும். குடும்பத்தினர் செய்ய வேண்டியது: அடுப்பை அணைக்க மறந்தது எத்தனை முறை, இரவில் எத்தனை தடவை எழுகிறார், எப்போது விழுந்தார் என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி, வந்தவரிடம் தனியாகக் கொடுப்பது. பெரியவர் முன்னால் மறுத்துப் பேசினால் அவர் இன்னும் வீம்பாகத்தான் நிற்பார். குழு கணினியின் முடிவை மாற்றுகிறது என்றால் பெரும்பாலும் அந்தத் தனிக்குறிப்பை வைத்துத்தான்.

நிலை 3க்கு வீட்டுச் சேவை உச்சவரம்பு மாதம் 27,048 அலகு. அலகு ஒன்றுக்குக் குறைந்தது 10 யென் என்று போட்டால் சுமார் 2.7 லட்சம் யென், அதில் கையிலிருந்து கட்டுவது 10 சதவீதம். வருமானம் கூடியவர்களுக்கு 20 அல்லது 30. சேவைத் திட்டம் போட்டுத் தரும் பராமரிப்பு மேலாளருக்குப் பயனாளி ஒன்றும் கட்ட வேண்டியதில்லை.

கைப்பிடி வைக்க, நிலைப்படி மேட்டைச் சமன் செய்ய, கதவைத் தள்ளுகதவாக மாற்ற என்று வீட்டு மாற்றத்துக்கு மொத்தம் 2 லட்சம் யென் வரை காப்பீடு உண்டு. ஆனால் வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பம் போக வேண்டும். தச்சரைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிட்டு ரசீதோடு போனால் ஒரு யென் கூடத் தர மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாள் நெருங்கும் அவசரத்தில் நிறையப் பேர் இதில் கோட்டை விடுகிறார்கள்.

7 | கேள்விக்கணை

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஒரு சந்தேகம். காகிதத்தில் உரிமை இருக்கிறது சரி, வந்து செய்ய ஆள் இருக்கிறதா?

8 | பனித்துளி

இல்லை. அதுதான் பெரிய சிக்கல்.

தரம் பிரிக்கப்பட்டவர்கள் 2000இல் 21.8 லட்சம், இப்போது 70 லட்சத்துக்கு மேல். பராமரிப்பு ஊழியர்கள் 2022இல் சுமார் 21.5 லட்சம். 2040க்கு 27.2 லட்சம் வேண்டும் என்கிறது சுகாதார அமைச்சகம். 2023இல் அந்த எண்ணிக்கை கூடுவதற்குப் பதிலாக, காப்பீடு தொடங்கியதிலிருந்து முதன்முறையாகக் குறைந்தது.

ஏன் சம்பளத்தை ஏற்ற முடியவில்லை? சேவையின் விலையை அரசு நிர்ணயிக்கிறது, மூன்றாண்டுக்கு ஒருமுறை. பக்கத்துத் தொழிற்சாலை மணிக்கு 100 யென் கூட்டிக் கொடுத்தால் முதியோர் இல்லம் கூட்டிக் கொடுக்க முடியாது, விலையை அது தீர்மானிப்பதில்லை. 2024இல் மொத்த விலையை 1.59 சதவீதம் ஏற்றிய அதே கையோடு, வீடு தேடிப் போய்ச் செய்யும் சேவையின் அடிப்படை விலையைக் குறைத்தார்கள். காரணம், அந்தத் துறையின் சராசரி லாபம் 7.8 சதவீதம், மற்றவற்றைவிட அதிகம் என்றார்கள்.

அந்தச் சராசரிக்குள் இரண்டு வேறு தொழில்கள் இருக்கின்றன. ஒன்று, முதியோர் குடியிருப்புக் கட்டடத்தின் தரைத்தளத்திலேயே அலுவலகம் வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறி அடுத்தடுத்த அறைக்குப் போவது. இன்னொன்று, மலையோர ஊரில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே அரைமணி நேரம் வண்டி ஓட்டுவது. அந்த அரைமணிக்குத் தனி விலை கிடையாது. முதலாவது கொழிக்கிறது, இரண்டாவது மூடுகிறது. வெட்டு இரண்டுக்கும் ஒன்றே. எந்த ஊரில் முதுமை அதிகமோ அந்த ஊரில் சேவை முதலில் நிற்பதற்கு இது நேரடிக் காரணம்.

முதியோர் இல்லம் என்ற வழியும் குறுகல். மலிவான பொது இல்லங்களில் சேர 2015 ஏப்ரலிலிருந்து நிலை 3 வேண்டும். சில இல்லங்களில் கட்டில் காலி, வரிசையில் ஆளும் காத்திருக்கிறார்கள், ஆனால் இரவு முறைக்கு ஊழியர் இல்லாததால் ஒரு பிரிவையே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

9 | நேர்ப்பேச்சு

அப்படியானால் வெளிநாட்டவரை எடுக்க வேண்டியதுதானே. இவ்வளவு சுற்றி வளைப்பானேன்?

10 | குறுந்தெரு

எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சத்தம் போடாமல் எடுக்கிறார்கள், அவ்வளவே. 2023 அக்டோபரிலிருந்து ஓராண்டில் ஜப்பானியக் குடிமக்கள் சுமார் 9 லட்சம் குறைந்தார்கள். நாட்டின் மொத்த எண்ணிக்கை குறைந்ததோ 5.5 லட்சம். இடைப்பட்ட 3.4 லட்சமும் வெளிநாட்டவர் வரவு. மேலே எண்கோலம் சொன்ன கணிப்பு ஆண்டுக்கு 1.64 லட்சம் என்றுதான் வைத்திருக்கிறது. ஆக, அந்தக் கணிப்பு பிறப்பில் நம்பிக்கை அதிகம் வைத்து, குடியேற்றத்தில் குறைத்து மதிப்பிட்டிருக்கிறது.

ஆனால் வருகிறவர் தங்குகிறாரா என்பது விசா வகையைப் பொறுத்தது. 1993இல் தொடங்கிய தொழிற்பயிற்சி முறையில் அதிகபட்சம் ஐந்தாண்டு, குடும்பத்தை அழைத்துவர முடியாது. 2019இல் வந்த "குறிப்பிட்ட திறன்" விசாவின் முதல் வகையிலும் ஐந்தாண்டு, குடும்பம் கிடையாது. இரண்டாம் வகைக்கு ஏறினால்தான் மனைவி, மக்கள், காலவரம்பின்மை. பராமரிப்புத் துறைக்கு அந்த இரண்டாம் வகையே இல்லை. அரசு உரிமம் பெற்ற பராமரிப்பாளர் தேர்வை ஜப்பானிய மொழியில் எழுதித் தேறினால் தனி விசா, அதுதான் நிரந்தரப் பாதை. முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டே கான்ஜி என்ற சீன வடிவ எழுத்தில் மருத்துவச் சொற்களைப் படிப்பது சாமானியமா? தேறாதவர் கிளம்பிவிடுவார், பழக்கிய இல்லம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இன்னொரு கதவு 2025 ஏப்ரலில்தான் திறந்தது. அதுவரை பயிற்சி விசாக்காரரும் திறன் விசாக்காரரும் இல்லங்களில் மட்டுமே வேலை செய்யலாம், வீடு தேடிப் போகும் சேவைக்கு அனுமதி இல்லை. இப்போது ஓராண்டு அனுபவம், முன்பயிற்சி, ஆரம்பத்தில் ஒருவர் கூடப் போவது என்ற நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கிறார்கள். வண்டி ஓட்டும் உரிமம், வட்டார வழக்குப் பேசும் பெரியவர், இரவில் தனியாக எடுக்க வேண்டிய முடிவு என்று நடைமுறைச் சிக்கல்கள் இனிமேல்தான் தெரியவரும்.

11 | எண்கோலம்

பென்ஷனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு பத்தி. "பென்ஷன் நிதி திவாலாகும்" என்று பேசுகிறவர்கள் 2004 சீர்திருத்தத்தைப் படிக்காதவர்கள். அதில் பிரீமியத்தை உச்சவரம்பு கட்டி நிறுத்திவிட்டார்கள்: 2017 முதல் சம்பளத்தில் 18.3 சதவீதம், அதில் பாதி முதலாளி. வரவு நின்றால் செலவு வளைய வேண்டும். ஆள் குறையக் குறைய, ஆயுள் நீள நீள, ஆண்டு உயர்வில் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிவிடுவார்கள். 2025 நிதியாண்டு உயர்வுக்கு எடுத்துக்கொண்ட கணக்கில் விலை ஏற்றம் 2.7 சதவீதம், ஊதியம் 2.3. இரண்டில் குறைந்ததை எடுத்து, அதிலிருந்து 0.4ஐக் கழித்து, 1.9 சதவீதம் கொடுத்தார்கள். நிதி திவாலாகாது, வாங்கும் சக்தி தேயும். கோளாறு என்னவென்றால், விலை இறங்கும் காலத்தில் இந்தச் செதுக்கல் வேலை செய்யாது. 2004இல் எழுதிய விதி முதன்முதலில் பிடித்தது 2015இல்தான். அந்தத் தாமதத்தின் பாரம் இப்போது அடிப்படைப் பென்ஷனில் விழுகிறது, 2025இல் முழுத்தொகையே மாதம் 69,308 யென்தான். சொந்தத் தொழில் செய்தவர், அரைகுறை வேலையில் காலம் தள்ளியவர் எல்லோரும் அதை மட்டும் நம்பி இருப்பவர்கள். இரண்டாவது பதிவில் சொன்ன 1970களின் தலைமுறை 2040ஐ ஒட்டி அந்த வரிசையில் வந்து சேரும்.

12 | மண்வெட்டி

ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள், அவர்கள் விட்டுப்போகும் வீட்டைப் பற்றி யாராவது பேச வேண்டாமா.

2023 கணக்கெடுப்பில் காலி வீடு 90 லட்சம், மொத்தத்தில் 13.8 சதவீதம். உடனே காணொளிக்காரர்கள் "ஜப்பானில் 90 லட்சம் வீடு இலவசம்" என்று கிளம்பிவிட்டார்கள். அதில் ஏறக்குறைய பாதி வாடகைக்குக் காத்திருக்கும் அறைகள், அபார்ட்மென்ட்டுகள். விற்பனைக்கும் இல்லாமல், வாடகைக்கும் இல்லாமல், கோடைக்கால வீடாகவும் இல்லாமல் சும்மா கிடப்பவை சுமார் 38.5 லட்சம். பிரச்சினை அதுதான்.

ஏன் இடிக்காமல் விடுகிறார்கள்? வரி. குடியிருப்பு நிற்கும் மனையில் 200 சதுர மீட்டர் வரை சொத்து வரிக்கான மதிப்பு ஆறில் ஒன்றாகக் குறையும். வீட்டை இடித்தால் அந்தச் சலுகை போய்விடும். "வரி ஆறு மடங்காகும்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது சரியில்லை. வெற்று மனைக்கு வரி மதிப்பு 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஓர் உச்சவரம்பு இருப்பதால், கையில் கட்டுவது நான்கு மடங்கை ஒட்டித்தான் வரும். மரவீடாக இருந்தாலும் இடிக்கப் பத்து லட்சம் யென் தாண்டுவது சாதாரணம். 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் கல்நார் சோதனை முடிவை முன்கூட்டியே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், கல்நார் இருந்தால் செலவு இன்னும் ஏறும். இடிக்கப் பத்து லட்சம், இடித்த பிறகு நான்கு மடங்கு வரி. யார் இடிப்பார்?

இதை உடைக்கத்தான் 2015இல் சட்டம் வந்தது. இடிந்து விழும் ஆபத்தான வீடு என்று நகராட்சி அறிவித்து, பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் சலுகை ரத்து. பலன் போதவில்லை, ஏனென்றால் அந்த நிலை வருவதற்குள் வீடு பிணமாகியிருக்கும். 2023 டிசம்பரிலிருந்து ஒரு படி முன்னாலேயே, ஜன்னல் உடைந்து புதர் மண்டி "பராமரிப்பு மோசம்" என்ற கட்டத்திலேயே சலுகையைப் பிடுங்கலாம். பிடுங்க வேண்டுமானால் உரிமையாளர் யார் என்று தெரிய வேண்டும், அங்கேதான் வண்டி அச்சு முறிகிறது. தாத்தா பெயரிலேயே பத்திரம் நிற்கும். அவருக்குப் பிறகு மூன்று தலைமுறை, நாற்பது வாரிசு, அதில் இருவர் பிரேசிலில். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நிலம் மொத்தம் கியூஷு தீவைவிடப் பெரிது, 41 லட்சம் ஹெக்டேர் என்று 2016 நிலவரத்துக்கு ஒரு மதிப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் 1 முதல் வாரிசுப் பதிவு கட்டாயம், தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் செய்யாவிட்டால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். பழைய பாக்கிகளுக்கு 2027 மார்ச் 31 வரை கெடு.

"எனக்கு வேண்டாம்" என்று வாரிசுரிமையைத் துறக்கலாம். குடும்ப நீதிமன்றத்தில், மூன்று மாதத்துக்குள். ஆனால் பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததை விட முடியாது, வங்கிச் சேமிப்பும் சேர்ந்து போய்விடும்.

13 | குறுந்தெரு

மண்வெட்டி சொன்னது ஒற்றை வீடு. ஊரையே சுருக்குவது எப்படி என்பதற்கு இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஹொக்கைடோவின் யூபாரி நிலக்கரி ஊர். 1960இல் 1.17 லட்சம் பேர் வரை இருந்தார்கள். சுரங்கங்கள் மூடின, நகராட்சி கேளிக்கைப் பூங்கா, பனிச்சறுக்கு விடுதி என்று கடன் வாங்கிக் கட்டியது, 2007இல் சுமார் 3,530 கோடி யென் பற்றாக்குறையோடு திவால் நிலைக்குப் போனது. 171 படுக்கை மருத்துவமனை 19 படுக்கை மருத்துவகமானது. தொடக்கப்பள்ளி ஒன்று, நடுநிலைப்பள்ளி ஒன்று. இப்போது ஆறாயிரம் பேர் அளவில் நிற்கிறது. கடன் தீர்க்கும் திட்டம் 2026 நிதியாண்டு வரை ஓடுகிறது.

ஆனால் அதே யூபாரியில் ஒன்று நன்றாகச் செய்தார்கள். பள்ளத்தாக்கு நெடுகச் சிதறிக் கிடந்த சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரு கட்டடத்தில் இரண்டு வீட்டில் விளக்கு எரியும், மீதி இருட்டு. ஆனாலும் குழாயும் வேண்டும், பனி வாரவும் வேண்டும். எல்லோரையும் ஒரே மூச்சில் நகர மையத்துக்குக் கிளப்பவில்லை. மயாச்சி பகுதியில் முதலில் அந்தப் பகுதிக்குள்ளேயே சில கட்டடங்களுக்குச் சேர்த்தார்கள். பக்கத்து வீட்டார் மாறவில்லை, காய்கறிப் பாத்தி எட்டும் தூரத்திலேயே இருந்தது. காலியான கட்டடங்களின் இணைப்பைத் துண்டித்தார்கள். மையத்துக்கு நகர்வது அடுத்த தலைமுறைக் கட்டம். ரயிலையும் அப்படியே பேரம் பேசினார்கள். நஷ்டத்தில் ஓடிய கிளைப்பாதையை மூடச் சொல்லி மேயரே முன்வந்து, பதிலுக்குப் பேருந்து நடத்த ரயில் கம்பெனியிடம் சுமார் 75 கோடி யென் வாங்கினார். 2019 ஏப்ரல் 1 முதல் ரயில் இல்லை. கடைசிவரை எதிர்த்துவிட்டு வெறுங்கையோடு நின்ற ஊர்களும் உண்டு.

தொயாமா வேறு மாதிரி, பணம் இருக்கும்போதே தொடங்கியது. 2006இல் பழைய ரயில் தடத்தில் 7.6 கிலோமீட்டர் டிராம் விட்டார்கள். வண்டிகளை அடிக்கடி ஓட்டினார்கள், நிறுத்தத்தில் படி ஏறாமல் நேராக உள்ளே போகலாம். மையத்தில் வீடு வாங்கினால் 5 லட்சம் யென், தடத்தையொட்டி வாங்கினால் 3 லட்சம் மானியம். 65 தாண்டியவர்கள் பகலில் 100 யென்னுக்கு மையம் வரை வரலாம். தடத்தையொட்டி வாழ்பவர்கள் 2005இல் 28 சதவீதம், பிறகு 40ஐ நெருங்கியது. அந்தப் பன்னிரண்டு சதவீதத்துக்குப் பதினைந்து ஆண்டு பிடித்திருக்கிறது. உருப்படியாகச் செய்த ஊரின் வேகமே இதுதான்.

தொயாமாவைப் பார்த்து 2014இல் நாடு முழுக்க "குடியிருப்பு ஈர்ப்புப் பகுதி" வரையச் சட்டம் வந்தது. நூற்றுக்கணக்கான ஊர்கள் வரைந்திருக்கின்றன. கோட்டுக்கு வெளியே மூன்று வீடோ அதற்கு மேலோ கட்டுபவர் 30 நாள் முன்பு ஒரு படிவம் கொடுத்தால் போதும், தடை கிடையாது. வெளியே மனை மலிவு, கார் நிறுத்த இடம் உண்டு, வயலை மனையாக்கி விற்கும் விவசாயி நகர்மன்ற உறுப்பினரின் உறவுக்காரர். வரைபடம் சுருங்குகிறது, ஊர் சுருங்கவில்லை. குழாய் நீளம் அதேதான், கட்டணம் கட்டும் ஆள்தான் குறைவு.

14 | கேள்விக்கணை

மண்வெட்டி, ஒன்று மட்டும். துறக்கவும் மனமில்லை, விற்கவும் ஆளில்லை என்றால், அந்த மனையை அரசிடமே கொடுத்துவிடலாம் என்று ஒரு சட்டம் வந்ததாமே? வீட்டோடு எடுத்துக்கொள்வார்களா?

15 | மண்வெட்டி

வீட்டோடு எடுக்க மாட்டார்கள். 2023 ஏப்ரல் 27இல் அமலுக்கு வந்த சட்டம், வாரிசாகக் கிடைத்த நிலத்துக்கு மட்டும். கட்டடம் இருக்கக்கூடாது, அடமானம் இருக்கக்கூடாது, எல்லைத் தகராறு கூடாது, மண்ணில் நஞ்சு கூடாது, 30 பாகைச் சரிவும் 5 மீட்டர் உயரமும் உள்ள மேடாக இருந்து பராமரிப்புச் செலவு வைக்கக்கூடாது. கூட்டு உரிமை என்றால் அத்தனை பேரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும்.

வரிசை இப்படி வைத்துக்கொண்டால் பணம் வீணாகாது. முதலில் வாரிசுப் பதிவு. அடுத்து எல்லைக்கல்லைத் தேடுவது, பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசுவது. அவர் தகராறு கிளப்பினால் இடிப்புக்குச் செலவழித்தது தண்டம், அதனால் இதை முடித்துவிட்டுத்தான் இடிப்பு. விற்க ஒரு சின்ன வாய்ப்பாவது இருந்தால் இந்த இடத்தில் நின்று யோசிக்கலாம். 1981 மே 31க்குள் கட்டிய, இறந்தவர் தனியாக வாழ்ந்த வீடு என்றால் விற்ற லாபத்தில் 3 கோடி யென் வரை கழிவு உண்டு, அவர் இறந்து மூன்றாண்டு நிறையும் அந்த ஆண்டின் டிசம்பர் 31க்குள் விற்க வேண்டும். இல்லையென்றால் இடிப்பு. சொத்து வரிக்கு ஜனவரி 1 அன்று மனை எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. டிசம்பரில் இடித்தால் அடுத்த ஆண்டு முழுக்க வெற்று மனை வரி. ஜனவரி பிறந்த பிறகு இடித்தால் அந்த ஆண்டு பழைய வரியே. இடித்து ஒரு மாதத்துக்குள் கட்டட நீக்கப் பதிவு.

பிறகு நிலம் இருக்கும் மாகாணத்தின் சட்ட விவகார அலுவலகத்தில் விண்ணப்பம், துண்டு ஒன்றுக்கு 14,000 யென் முத்திரை. அனுமதி மறுத்தாலும் அது திரும்பாது. ஆய்வு எட்டு மாதம் அளவில் ஆகும், அதுவரை புல் வெட்டுவது உங்கள் பொறுப்பு. அனுமதி வந்தால் பங்குத்தொகை பொதுவாக 2 லட்சம் யென், நகர்ப்புற மனைக்கும் காட்டுக்கும் பரப்பளவைப் பொறுத்துக் கூடும். கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் அனுமதி செல்லாது, மறுபடி முதலிலிருந்து.